ஒரு மைலுக்கு எந்த ரவை?

துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே, அதில் போட வேண்டிய தோட்டாவைப் பதினோரு வருடம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் லண்டனில், லூயிஷாமில், நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரராக இருந்தார். அவரைப் போல இன்னொருவர் இருந்திருந்தால் இருவரும் எப்படியாவது சந்தித்திருப்பார்கள், பேச ஆரம்பித்திருப்பார்கள், தென்கிழக்கு லண்டனில் அன்றைக்குப் பஸ் ஓடியிருக்காது. ஏனென்றால் அவர் பஸ் டிரைவர்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். சொல்லிப் பயனில்லை. அந்தப் பெயரில் கேட்டால் அவருடைய மனைவியே கொஞ்சம் யோசிப்பார். ரவை அண்ணை என்றால் கோயில், மீன்கடை, பஸ் டிப்போ எல்லா இடத்திலும் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள், தோட்டாவை ரவை என்பார்கள். உப்புமா கிண்டுவதும் ரவைதான். திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து மூன்று வாரமே ஆகியிருந்த எனக்கு உப்புமா ரவை மட்டும்தான் தெரியும். அந்த அறியாமையோடுதான் ‘அறை வாடகைக்கு’ என்ற துண்டுச்சீட்டைக் கடைவாசலில் பார்த்துவிட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். டிரைவர் சட்டையோடு இருந்தார். என்ன வேலை, எங்கே வேலை, சிகரெட் உண்டா என்று எதுவும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். எதிரே உட்கார்ந்தார். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“தம்பி, உமக்கு ரவையிலை எது விருப்பம்?”

சாப்பாடும் சேர்த்துத்தான் வாடகை போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“பம்பாய் ரவைதாண்ணே.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். “பம்பாயோ? கேள்விப்படேல்லை. எத்தினை மில்லிமீற்றர்?”

“அளந்து பார்த்ததில்லைங்க. ரொம்பப் பொடிசா இருக்கக் கூடாது. கொஞ்சம் பருமனா இருந்தாத்தான் நல்லா வரும்.”

“அது சரியான கதை. பருமன் இருந்தால்தான் காத்துக்குத் தாக்குப் பிடிக்கும். ஆனால் உதைக்குமே?”

“சில பேருக்கு நெஞ்சைக் கரிக்கும். நெய் கொஞ்சம் தாராளமா விட்டா சரியாயிடும்.”

“நெய்யோ!” என்றார். “எண்ணெய்தானே விடுறவை?”

“எண்ணெயும் விடலாம். எங்க வீட்டுல நெய்தான்.”

அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதப் போனார். அதற்குள் சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அதைப் போட்டவர் அவருடைய மனைவி. சிரிப்பை அடக்க முடியாமல் போட்டுவிட்டார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“இஞ்சாருங்கோ, தம்பிக்கே அறையைக் குடுங்கோ. எத்தினை பேர் வந்து பாத்திட்டுப் போட்டினம். உங்களோடை இவ்வளவு நேரம் நிண்டு கதைச்சது இந்தப் பிள்ளை ஒண்டுதான்.”

அப்படித்தான் எனக்கு அறை கிடைத்தது, கூடவே ஓர் அக்காவும்.

ரவை அண்ணை இந்த வழிக்கு வந்த கதையை அன்றைக்கு இரவுச் சாப்பாட்டிலேயே கேட்டேன். பிறகு வாரத்துக்கு ஒரு முறை கேட்டேன். அவருடைய பஸ்ஸின் மேல்தட்டில் யாரோ ஒரு பத்திரிகையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முழுக்கத் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றியது. தேடிக்கொண்டு யாரும் வராததால் இவர் எடுத்துப் படித்திருக்கிறார். அதில் ஒரு கட்டுரை, ஒரு மைலுக்கு அப்பால் நிற்கும் இரும்புத் தகட்டைச் சுடுவதற்கு எந்த ரவை உகந்தது என்று. பத்துப் பக்கம் அலசிவிட்டுக் கடைசி வரியில் ‘அது அவரவர் விருப்பம்’ என்று முடித்திருந்தானாம் எழுதியவன்.

“பாரும் தம்பி, பத்துப் பக்கம் எழுதிப்போட்டு ‘உன்ரை விருப்பம்’ எண்டு சொல்லுறான். உது ஞாயமோ? அப்ப நானே பாக்கிறன் எண்டு வெளிக்கிட்டன்.”

வெளிக்கிட்டவர் ஒரு கிளப்பில் சேர்ந்தார். சர்ரே பக்கம் இருந்த அந்த கிளப்பின் துப்பாக்கியால் கிட்டத்து இலக்குகளைச் சுட்டுப் பழகினார். கொஞ்ச நாளில் முழு உறுப்பினர் ஆகிவிட்டார். சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் போலீஸுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். பெயர், முகவரி, உடல்நிலை, தெரிந்தவர்கள் இருவர் என்று எல்லாவற்றையும் அவர் ஒரே மாலையில் நிரப்பிவிட்டார். ஒரு கட்டம் மட்டும் மிஞ்சியது. எந்த அளவுத் தோட்டா போடும் துப்பாக்கி என்று அதில் எழுத வேண்டும். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தக் கட்டம் எட்டு வருடமாகக் காலியாக இருந்தது.

மற்ற விவரங்கள் அதுவரைக்கும் காத்திருக்குமா? ஒட்டிய புகைப்படத்தில் அவருக்கு முழுத் தலைமுடி இருந்தது. புதிதாக எடுத்து ஒட்டினார். அந்த முடியும் போனது. சாட்சிக்குப் போட்ட இருவரில் ஒருவர் கனடா போய்விட்டார். அரசாங்கம் படிவத்தையே மாற்றியது. அண்ணை சலிக்காமல் புதுப் படிவம் வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி நிரப்பி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் பத்திரமாகக் காலியாக வைத்தார்.

களத்தில் நின்றது நாலு ரவை, நாலுக்கும் குறுக்களவை வைத்துத்தான் பெயர். சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் நாலு தாள் ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் நுணுக்கி நுணுக்கி நிறையும் குறையும். வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த வரன்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

“ஆறரை மில்லிமீற்றர் நல்ல குணம். தோளிலை உதையாது. ஆனால் ஒரு மைல் போறதுக்குள்ளை களைச்சுப்போகும். முந்நூற்றெட்டு பழைய ஆள், எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள். ஆயிரம் மீற்றருக்கு அங்கால அவரை நம்பேலாது. முந்நூற்று முப்பத்தெட்டு வலு கெட்டிக்காரன், ஒரு மைலும் போவான், ஆனால் என்ரை தோள் தாங்காது. முந்நூற்று எழுபத்தைஞ்சு எண்டால் ராசா. ஆனால் ராசாவை வைச்சிருக்கிறவன் அடிக்கடி துவக்குக் குழல் மாத்தவேணும். எங்கடை கிளப்பிலை அவரை உள்ளுக்கும் விடமாட்டினம்.”

“அப்ப ஆறரையே போதுமே அண்ணை?”

“அப்பிடிச் சொல்லேலாது. காத்தை யோசியும்.”

காற்றை யோசித்தேன். வேறு வழியில்லை. ஒருநாள் அக்கா சமையலுக்கு எடுத்து வைத்திருந்த முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். சன்னம் என்பது ரவையின் முனையிலிருந்து பாய்கிற குண்டு. நீளமாக, மெல்லிசாக இருக்கிற சன்னம் முருங்கைக்காய் மாதிரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம். குட்டையானது கத்தரிக்காய் மாதிரி. காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடுமாம். நான் ‘அப்படியா’ என்று கேட்டது தப்பு. மாடி ஜன்னலைத் திறந்து இரண்டையும் பின்தோட்டத்தை நோக்கி வீசிவிட்டார். கத்தரிக்காய் எங்கள் வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்தது. முருங்கைக்காய் நிஜமாகவே காற்றைக் கிழித்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டு ஜமைக்காக்காரப் பாட்டியம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு அடி தள்ளிக் குத்தி நின்றது.

ஐந்தாவது நிமிடம் அந்த அம்மாள் முருங்கைக்காயோடு வாசலில் நின்றார். அண்ணை பின்கட்டுக்குப் போய்விட்டார். திட்டு வாங்கத் தயாராக நான் கதவைத் திறந்தேன். இது என்ன காய், எப்படிச் சமைப்பது என்று கேட்டார். அக்கா உள்ளே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் காற்று பலமாக அடிக்கிற நாளிலெல்லாம் அந்த அம்மாள் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ரயிலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிளப்புக்கு என்னையும் ஒருநாள் கூட்டிப்போனார். திரும்பும்போது பெட்டி நிறைய ஆட்கள். நாங்கள் தமிழில்தான் பேசினோம். ஆனால் அண்ணையின் தமிழில் முக்கியமான வார்த்தைகள் எல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் இருந்தவர்களின் காதில் விழுந்ததெல்லாம் ‘டார்கெட்’, ‘ஒன் மைல்’, ‘புல்லட்’, ‘நோ மிஸ்டேக்’ ஆகியவை மட்டுமே. கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி ஆறு இருக்கை காலியானது. “இண்டைக்குச் சனம் குறைவு” என்று அண்ணை காலை நீட்டிக்கொண்டார்.

அடுத்த ஸ்டேஷனில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள் ஏறி நேராக எங்களிடம் வந்தார்கள். கொஞ்சம் பேசலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். எனக்கு என் விசா நினைவுக்கு வந்தது. அண்ணையின் முகமோ மலர்ந்துவிட்டது. பேசலாமா என்று தாமாக வந்து கேட்டவர்களை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்க்கிறார். கிளப் அட்டையைக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம். நோட்டை விரித்தார். நாலு ரவையையும் அறிமுகப்படுத்தினார். சன்னம் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது எப்படித் தள்ளாடும் என்று உள்ளங்கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். மூன்று ஸ்டேஷன் போனது. அவர்கள் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். “மிக்க நன்றி, எங்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது” என்று சொல்லிவிட்டு, ரயில் நிற்பதற்குள்ளேயே இறங்கத் தயாராக நின்றார்கள்.

“நல்ல பெடியள்,” என்றார் அண்ணை. “ஆனால் ஒருத்தனும் முந்நூற்று முப்பத்தெட்டைப் பற்றிக் கேள்வி கேக்கேல்லைப் பாத்தீரோ?”

லூயிஷாம் தமிழர்களுக்குள் அவருடைய மதிப்பு ஒரே ஒரு வாரம் உச்சத்துக்குப் போனதும் உண்டு. கோடையில் தேர்த் திருவிழா. சாமி தெருவுக்கு வந்துவிட்டது. ஐயர் கற்பூரம் ஏற்றுகிறார், அணைகிறது. மறுபடி ஏற்றுகிறார், மறுபடி அணைகிறது. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. தேங்காய் உடைக்க நின்றவர் கையை ஓங்கியபடியே நிற்கிறார். கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணை, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் காற்று அளக்கும் கருவியைத் தலைக்கு மேலே பிடித்தபடி வந்தார். மூலைக்கடையின் துணிப்பந்தலைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திரையைப் பார்த்தார்.

“ஐயா, சந்துக்குள்ளாலை காத்து வருது. மணிக்கு எட்டு மைல். ரெண்டு அடி இடப்பக்கம் தள்ளி நில்லுங்கோ. பொறுங்கோ… பொறுங்கோ… இப்ப ஏத்துங்கோ!”

ஐயர் ஏற்றினார். சுடர் ஆடாமல் நிமிர்ந்து நின்றது. ‘அரோகரா’ என்று தெருவே எழுந்தது. அந்த ஒரு வாரம் பெரியவர்கள்கூட அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அடுத்த வாரம் அதில் ஒருவர் ‘உங்கடை அந்தக் கருவி எப்பிடி வேலை செய்யுது’ என்று கேட்டுவிட்டார். அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அவரைத் தூரத்தில் கண்டாலே ஆட்கள் தெருவைக் கடக்கத் தொடங்கினார்கள்.

ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பாமல் இருந்திருந்தால் இப்படியே இன்னும் இருபது வருடம் போயிருக்கும். கிளப்பில் கீத் என்று ஒரு கிழவர் இருந்தார். நாற்பது வருடமாக முந்நூற்றெட்டு மட்டும் சுடுகிறவர். படிவத்தில் சாட்சியாக அண்ணை போட்டிருந்த இரண்டாவது ஆளும் அவர்தான். எந்த ரவை சிறந்தது என்று அண்ணை ஒருமுறை அவரிடம் கேட்டதற்கு, “குறி தவறினால் எல்லா ரவையும் தப்பான ரவைதான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாராம். அந்தக் கீத் ஒருநாள் மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போவதாக அறிவித்தார். மாதக் கடைசியில் விமானம். அதற்குள் அனுப்பினால் சாட்சி. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணை படிவத்தையும் பேனாவையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது.

“இஞ்சாரப்பா, நீராவது ஒண்டைச் சொல்லுமன்” என்றார் அக்காவிடம்.

“எதையெண்டாலும் எழுதுங்கோ. புட்டு ஆறுது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு ‘6.5’ என்று எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார். நானும் அவருமாகப் போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். வந்ததும் சுவரிலிருந்த நாலு தாளையும் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தார். பதினோரு வருடப் பிரச்சினை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் பேச்சும் நின்றுவிட்டது.

முதல் இரண்டு நாள் நான் ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு சூடான சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன். நாலாம் நாள் உறுத்தியது. வேலைக்குப் போனார், வந்தார், டிவி முன்னால் உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் ‘ஓம்’, ‘இல்லை’, ‘வாறன்’. காற்று நாளில் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, உன் மனிதருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார்.

ஒரு மாலை அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். “தம்பி, இவர் முந்தி இப்பிடித்தான்.”

“எப்பிடி அக்கா?”

“அங்கை ஊரிலை நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லமாட்டன். அவரும் சொல்லமாட்டார். இஞ்ச வந்து பதினாலு வருசம் இந்த மூண்டு சொல்லுத்தான். ஓம், இல்லை, வாறன். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். கோயிலுக்கு நேந்தன். பேந்து ஒருநாள் பஸ்ஸிலை கிடந்த புத்தகம் எண்டு கொண்டுவந்து வாசிச்சுப்போட்டு, என்னைக் கூப்பிட்டு, ‘இஞ்ச பாருமப்பா, இவன் எழுதியிருக்கிறது பிழை’ எண்டு தொடங்கினவர்தான். விடியும்வரைக்கும் கதைச்சார். துவக்குச் சத்தத்திலை வாய் மூடின மனுசன் துவக்கைப் பற்றி வாசிச்சுத்தான் வாய் திறந்தவர். இதை ஆருக்குச் சொல்லி நான் சிரிக்க?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணில் நீர் இருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட அக்காவுக்கு வசதியாக இருந்தது. எனக்கு அந்த வசதி இல்லை. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆறு வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, மென்மையான குரல், மடியில் ஒரு கோப்பு. துப்பாக்கி கேட்பவரை மட்டும் அல்ல, வீட்டில் இருப்பவர்களையும் விசாரிப்பார்கள். எதற்குத் துப்பாக்கி என்று அண்ணையிடம் கேட்டார். சாதாரணமாக நாற்பது நிமிடம் ஓடக்கூடிய கேள்வி.

“டார்கெட் ஷூட்டிங்,” என்றார் அண்ணை. அவ்வளவுதான்.

அதிகாரி எழுதிக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார். உங்கள் கணவரிடம் சமீபத்தில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா, மனம் சோர்ந்து இருக்கிறாரா என்று கேட்டார். அக்காவுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு அது போதவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“தம்பி, நான் பொய் சொல்லமாட்டன். அப்பிடியே சொல்லுங்கோ. இந்தக் கடுதாசி போட்ட நாளிலையிருந்து இவர் கதைக்கிறதில்லை. எனக்குத் துவக்குக்குப் பயமில்லை. அதைவிடப் பெரிசெல்லாம் கண்டாச்சு. இவர் திரும்பவும் வாய் மூடிப்போடுவாரோ எண்டதுதான் பயம்.”

இதை அப்படியே சொன்னால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது என்று தெரியும். மாற்றிச் சொன்னால் அக்காவின் முகத்தில் விழிக்க முடியாது. அண்ணையைப் பார்த்தேன். அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்று புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

அதிகாரி பேனாவை மூடினார். அண்ணையின் பக்கம் திரும்பினார். பிறகு, எதற்காகக் கேட்டாரோ தெரியாது, “ஏன் ஆறரை? ஒரு மைலுக்கு அது போதுமா?” என்று கேட்டார்.

அண்ணை நிமிர்ந்தார். அக்காவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, “அங்கேதான் பிரச்சினையே இருக்கிறது, மேடம்” என்று இங்கிலீஷில் தொடங்கினார்.

அலமாரியிலிருந்து நாலு தாளும் வந்தன. காற்று வந்தது, மழை வந்தது, சன்னம் தள்ளாடியது. அக்கா சமையலறைக்குப் போய் இரண்டு முருங்கைக்காயும் ஒரு கத்தரிக்காயும் எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதிகாரி இரண்டு தேநீர் குடித்தார், மூன்றாவது ஆறிப்போனது. கிளம்பும்போது வாசலில் என்னிடம் மெதுவாக, “இவர் எப்போதுமே இப்படித்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏதோ நீளமாக எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்கும் மேலே போய் அனுமதி வந்தது.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “துவக்கு வீட்டுக்குள்ளை வேண்டாம். அது கிளப்பிலேயே இருக்கட்டும். கதை மட்டும் வரட்டும்.” அப்படியே நடந்தது.

முதல் மைல் வேல்ஸில். மலைச்சரிவில் தனியார் இடம். வாடகைக்கு எடுத்துச் சுடலாம். என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தொலைநோக்கியில் பார்த்து வழிகாட்ட ஓர் ஆள் இருந்தார், வாய் திறவாத வேல்ஸ்காரர். எதிர் மலையில் வெள்ளை அடித்த இரும்புத் தகடு இருக்கிறதாம். என் கண்ணுக்கு ஆடுகள்தான் தெரிந்தன. அந்தத் தூரத்துக்குச் சன்னம் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று வினாடி. பட்டால் அந்தச் சத்தம் திரும்பி நம் காதுக்கு வர இன்னும் ஐந்து வினாடி.

ஒன்பது தடவை சுட்டார். ஒன்பதும் மலைக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஒன்றுக்குக் காற்று, ஒன்றுக்கு வெயில், ஒன்றுக்கு நான் இருமியது. அக்கா காதுக்கவசத்தோடு பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வெடிக்குக் கண்ணை இறுக மூடினார். நாலாவதில் திறந்திருந்தார். ஏழாவதில் பிஸ்கட் சாப்பிட்டார்.

பத்தாவதைச் சுட்டதும் எல்லோரும் கவசத்தைக் கழற்றினோம், அண்ணை என் பக்கம் திரும்பிவிட்டார். “இதுவும் படாது தம்பி. ஏனெண்டால் அங்கை பள்ளத்துக்குள்ளை காத்து மற்றப் பக்கத்தாலை அடிக்குது. இதுக்குத்தான் நான் அண்டைக்கே முந்நூற்று முப்பத்தெட்டு…”

‘டங்’ என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. வேல்ஸ்காரர் அன்று முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். அக்கா எழுந்து கைதட்டினார்.

“என்ன?” என்றார் அண்ணை.

“பட்டிட்டுதப்பா! சத்தம் கேட்டது!”

“நான் கேக்கேல்லையே.”

“நீங்கள் கதைச்சுக்கொண்டெல்லே இருந்தனீங்கள்!”

அவர் நம்பவில்லை. வேல்ஸ்காரர் சத்தியம் பண்ணினார். தொலைநோக்கியில் வெள்ளைப் பூச்சில் புதுக் கறுப்புப் பொட்டைக் காட்டினார். அது பழைய பொட்டு என்றார் அண்ணை. காதால் கேட்காத வெடியைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். வேல்ஸிலிருந்து லூயிஷாம் வரும்வரை ஆறரையில் என்ன குறை என்று விளக்கினார். பின் இருக்கையில் அக்கா ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கினார். அவ்வளவு நிம்மதியாகத் தூங்கின முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி வட லண்டனில் எட்மண்டன் பக்கம் வந்து சில வருடம் ஆகிறது. லூயிஷாமுக்கு நினைத்த நேரத்தில் போக முடிவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை போன் பண்ணுவார். நலமா என்றெல்லாம் கேட்கமாட்டார். போன வாரம் விட்ட வாக்கியத்தின் பாதியிலிருந்து தொடங்குவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, எடுத்த எடுப்பிலேயே, “தம்பி, முடிவெடுத்திட்டன்” என்றார்.

முன்பு அவர் முடிவெடுத்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்து, அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். “என்ன முடிவு அண்ணை?” என்று கேட்டேன்.

“இதை அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது எண்டு.”

அப்பாடா என்று இருந்தது. அடுப்பை அணைத்தேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, “சொல்லுங்க அண்ணை, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை” என்றேன்.